புவியீர்ப்பு முடுக்கக் கணக்குகளில் அலகு மாற்றமும் பரிமாணப் பகுப்பாய்வும்

தடையின்றி விழும் ஒரு பொருளின் திசைவேகம் ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு கூடுகிறது என்பதைக் காட்டும் அளவே புவியீர்ப்பு முடுக்கம். பள்ளிக் கணக்குகளில் இதை 9.8 மீ/வி² என்று எடுத்துக்கொள்கிறோம். சென்னை வட்டாரத்தில் இதன் மதிப்பு ஏறத்தாழ 9.783 மீ/வி². இதையே 978.3 செ.மீ/வி² என்றோ, 32.1 அடி/வி² என்றோ, 385 அங்குலம்/வி² என்றோ எழுதலாம். எண்கள் வேறுபட்டாலும் பூமி இழுக்கும் இழுப்பு ஒன்றுதான். எனவே அலகைக் குறிப்பிடாமல் எழுதப்படும் எண்ணுக்கு இங்கே பொருளே இல்லை.

சென்னையில் கிடைத்த 39.026

1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த சென்னை வானாய்வகத்தில் வானியலாளராக இருந்தவர் ஜான் கோல்டிங்காம். இவர் 1821இல் ஊசல் ஒன்றைக் கொண்டு அங்கே சோதனைகள் நடத்தினார். அவற்றின் முடிவுகள் 1822இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தன. சென்னையில் 'விநாடி ஊசலின்' நீளம் சுமார் 39.026 அங்குலம் என்பது அவர் கண்ட முடிவு.

ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு விநாடி எடுத்துக்கொள்ளும் ஊசலுக்கு விநாடி ஊசல் என்று பெயர். போய்த் திரும்ப இரண்டு விநாடி ஆவதால் அதன் அலைவு நேரம் 2 விநாடி. அலைவு நேரச் சமன்பாட்டில் இதைப் பயன்படுத்தினால், முடுக்கம் = (பை)² × நீளம் ÷ (1 விநாடி)² என்று வரும்.

அடுத்து அலகு மாற்றம். '1 அங்குலம் = 2.54 செ.மீ' என்பதை ஒரு பின்னமாக எழுதினால், அந்தப் பின்னத்தின் மதிப்பு 1. எதையும் 1ஆல் பெருக்கினால் அளவு மாறாது, அலகு மட்டும் மாறும். அலகு மாற்றம் முழுவதும் இந்த ஒரு கருத்தில்தான் நிற்கிறது.

39.026 அங்குலம் × (2.54 செ.மீ ÷ 1 அங்குலம்) = 99.126 செ.மீ = 0.99126 மீ
0.99126 × 9.8696 = 9.783 மீ/வி²

மேலேயும் கீழேயும் உள்ள அங்குலங்கள் அடிபட்டுப் போவதைக் கவனிக்க வேண்டும். பின்னத்தைத் தலைகீழாக எழுதியிருந்தால் 'அங்குலம் வர்க்கம் ÷ செ.மீ' என்று ஓர் உருப்படாத அலகு வந்து நிற்கும். எண்களை மட்டும் எழுதிப் போகும் மாணவருக்கு இந்த எச்சரிக்கை கிடைக்காது.

இன்றைய சீர்தர ஈர்ப்புச் சமன்பாட்டில் சென்னையின் அகலாங்கைப் பிரதியிட்டால் 9.783 மீ/வி² வருகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அங்குலத்தில் அளந்த அளவு நான்கு இலக்கம் வரை இதனுடன் ஒத்துப்போகிறது. தாம்பரத்துக்கு மேற்கே உள்ள படப்பை சற்றே தெற்கில் இருப்பதால், அதே சமன்பாட்டின்படி அங்கு மதிப்பு ஏறத்தாழ 0.00008 மீ/வி² குறையும். இவ்வளவு சிறிய வேறுபாடுகளுக்குப் புவி இயற்பியலாளர்கள் கலிலியோ பெயரால் அமைந்த 'கேல்' என்ற அலகைப் பயன்படுத்துகின்றனர். 1 கேல் = 1 செ.மீ/வி². அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகேல். நுங்கம்பாக்கத்துக்கும் படப்பைக்கும் உள்ள வேறுபாடு 8 மில்லிகேல் அளவில் வரும். நிலத்தடிப் பாறைகளின் அடர்த்தியால் ஏற்படும் மாற்றம் இதில் சேராது.

அலகே மாற்ற வேண்டாத கணக்கு

1824ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் லண்டனில் விநாடி ஊசலின் நீளத்தை 39.1393 அங்குலம் என்று குறித்தது. தரக் கெஜக்கோல் அழிந்துபோனால் ஊசலைக் கொண்டு மீட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். 1834இல் நாடாளுமன்றத் தீவிபத்தில் அந்தக் கோல் பாழானது. ஆனால் ஊசல் திருத்தங்களில் குறைகள் தெரியவந்ததால் அந்த வழியில் அதை மீட்கவில்லை.

இரண்டு ஊர் நீளங்களின் விகிதம் 39.026 ÷ 39.1393 = 0.9971. இது பரிமாணம் அற்ற எண். அங்குலமானாலும் மீட்டரானாலும் மாறாது. லண்டனில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் அதன் வேகம் இந்த விகிதத்தின் வர்க்கமூல அளவுக்குக் குறையும். நாளொன்றுக்கு 86,400 விநாடியில் ஏறத்தாழ 125 விநாடி, அதாவது இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கும். சென்னை வெயிலில் தண்டு நீள்வதால் வரும் தாமதம் தனி.

18/5 படுத்தும் பாடு

மீ/விநாடியைக் கி.மீ/மணியாக்க 18/5ஆல் பெருக்க வேண்டும் என்பது நம் மாணவர்களுக்கு மனப்பாடம். அதே பழக்கத்தில் 9.783ஐ 3.6ஆல் பெருக்கி 35.2 கி.மீ/மணி² என்று எழுதிவிடுகின்றனர். முடுக்கத்தின் பரிமாணத்தில் நேரம் இருமுறை வருகிறது. 18/5 அதில் ஒருமுறையை மட்டுமே மாற்றியது. கிடைத்த 35.2இன் உண்மையான அலகு 'விநாடிக்குக் கி.மீ/மணி'. விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் மணிக்கு 35.2 கி.மீ கூடுகிறது என்று படித்தால் அந்த எண் சரியானதே, பைக் ஓட்டுபவருக்குச் சட்டென்று புரியக்கூடியதும்கூட. கி.மீ/மணி² வேண்டுமென்றால் 3600ஐ இருமுறை பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 1,26,800.

பரிமாணம் காட்டுவதும் காட்டாததும்

நீளத்தை [நீ], நிறையை [நி], நேரத்தை [நே] என்று குறித்தால், புவியீர்ப்பு முடுக்கத்தின் பரிமாணம் [நீ நே⁻²]. ஊசலின் அலைவு நேரம் நூலின் நீளம், குண்டின் நிறை, ஈர்ப்பு முடுக்கம் ஆகியவற்றைச் சார்ந்திருக்கலாம் என்று கொள்வோம். விடையில் [நே] மட்டுமே இருக்க வேண்டும். நிறை சேர்ந்தால் அதன் [நி]யை அடித்துவிட வேறெதிலும் [நி] இல்லை. எனவே நிறைக்கு இடமில்லை. மிஞ்சுவதில் [நே] தரக்கூடியது (நீளம் ÷ முடுக்கம்) என்பதன் வர்க்கமூலம் ஒன்றே. சோதனை செய்யாமலே, குண்டின் எடையைக் கூட்டினால் அலைவு நேரம் மாறாது என்று தெரிந்துவிடுகிறது.

ஆனால் முன்னே நிற்கும் '2 பை' என்ற எண்ணை இந்த முறை தராது. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். விநாடி ஊசலின் அலைவு நேரத்தை 2 என்பதற்குப் பதில் 1 விநாடி என்று எடுத்தால் முடுக்கம் 39.13 மீ/வி² என்று நான்கு மடங்காக வரும். அலகு சரி, பரிமாணம் சரி, விடை தவறு. இதில் வேடிக்கை என்னவென்றால், லண்டன் ஊசல் நீளத்தின் அங்குல எண்ணும் 39.13தான், பார்ப்பவருக்கு விடை சரிபோலவே தோன்றும்.

மேல்நிலை முதலாண்டு வகுப்பில் வழக்கமாக வரும் ஈர்ப்பியல் மாறிலிக் கணக்கும் இதே வகைதான். அதன் பரிமாணம் [நீ³ நி⁻¹ நே⁻²]. மீட்டர் 100 செ.மீ, கிலோகிராம் 1000 கிராம் என்பதால் மாற்றக் காரணி (100)³ ÷ 1000 = 1000. ஆகவே 6.674 × 10⁻¹¹ என்பது செ.மீ–கிராம்–விநாடி முறையில் 6.674 × 10⁻⁸ ஆகிறது. இந்த மாறிலியையும் பூமியின் நிறையையும் (5.972 × 10²⁴ கி.கி) பெருக்கி ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 9.82 மீ/வி² வர வேண்டும். ஆரத்தை 6371 கி.மீ என்று மீட்டராக்காமல் போட்டால் அதைவிடப் பத்து இலட்சம் மடங்கு பெரிய எண் வரும். இந்தத் தவறு கண்ணில் படும். நான்கு மடங்குத் தவறுதான் கண்ணில் படாது.

கடைத்தராசும் இதற்கு விலக்கல்ல. தட்டுத் தராசு நிறையை நிறையோடு ஒப்பிடுகிறது. எந்த ஊரிலும் ஒரே விடை. மின்னணுத் தராசு உணர்வது விசையை. அந்த விசையை உள்ளூர் முடுக்கத்தால் வகுத்தே கிலோகிராமாகக் காட்டுகிறது. லண்டனின் 9.812 மீ/வி² மதிப்புக்குச் சரிசெய்த தராசைப் படப்பைக்குக் கொண்டுவந்து மறுபடி சரிசெய்யாமல் வைத்தால், 25 கிலோ அரிசிச் சிப்பம் அதில் ஏறத்தாழ 74 கிராம் குறைவாகக் காட்டும். அதனால்தான் துல்லியத் தராசுகளைப் பயன்படுத்தும் இடத்திலேயே தர எடைக்கல் வைத்துச் சரிபார்க்கின்றனர்.