உங்களுக்குத் தெரியுமா? கிணறு வெட்டக் கரி கிளம்பிய நெய்வேலி

1930-களில், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது, தண்ணீரோடு கறுப்புத் துகள்களும் வந்தன. பின்னர் துளையிட்டு ஆராய்ந்ததில், பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி பரந்து கிடப்பது உறுதியானது.

● 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில்தான் கரிப்படிவம் வெளியே தெரிந்தது.

● இது திறந்தவெளிச் சுரங்கம். ஒரு டன் கரி எடுக்கப் பல கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். சுழலும் சக்கரத்தில் வாளிகள் பொருத்திய ராட்சத ஜெர்மானிய எந்திரங்கள் மண்ணை வெட்டிச் சரித்தன.

● கரிக்குக் கீழே, மிகுந்த அழுத்தத்தில் நிலத்தடி நீர் நிற்கிறது. இரவு பகலாக அதை இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பீறிடும். இப்படி இறைப்பதால் தங்கள் கிணறுகள் வற்றுவதாகச் சுற்றுவட்டார விவசாயிகள் நெடுங்காலமாக முறையிடுகிறார்கள்.

● சோவியத் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது.

● சுரங்கம் விரிய விரிய, பல கிராமங்கள் இடம்பெயர்ந்தன. 2023 ஜூலையில் அருகிலுள்ள வளையமாதேவி கிராமத்தில் சுரங்கப் பணிக்காகக் கால்வாய் வெட்ட, வளர்ந்து நின்ற நெற்பயிர்மீதே எந்திரங்கள் இறங்கின. கடும் போராட்டம் வெடித்தது.

நாம் விளக்கேற்ற நிலம் தந்தவர்களுக்கு நியாயமான இழப்பீடும் நிலையான வேலையும் கிடைக்கச் செய்வது நம் எல்லோரின் கடமை.