முதுகையும் குதிகாலையும் பற்றிக் கேளுங்கள்

2021 மே மாதம் பருத்திப்பட்டு, ஆவடிப் பக்கம் கோவிட்டால் மூச்சுத்திணறல் வந்தவர்களுக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலைதான் வழி. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை, இல்லையென்றால் சென்ட்ரல் அருகே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே ஆம்புலன்ஸ்கள் வாசலில் வரிசைகட்டி நின்றன. ஆக்சிஜன் படுக்கை கிடைத்தாலே போதும் என்றிருந்த நேரத்தில், நோயாளியின் தோலைப் பற்றி யார் நினைத்தார்கள்? பிழைத்து வீடு வந்தவரைத் துடைத்துவிடும்போதுதான் பல குடும்பங்கள் படுக்கைப்புண்ணைப் பார்த்தன.

எலும்பு துருத்திய இடத்தில் உடல் எடை விடாமல் அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் நின்று சதை சாகிறது. மயக்க மருந்தில் இருப்பவருக்கு வலி தெரியாது, புரளவும் முடியாது. கோவிட்டில் ரத்தத்தில் ஆக்சிஜனும் குறைவு. நுரையீரலுக்காகப் பலரை ஒரே மூச்சில் 12 முதல் 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைத்தார்கள். அதனால் முதுகு தப்பியது; கன்னமும் நெற்றியும் தாடையும் புண்ணாயின. ஆக்சிஜன் மாஸ்க்கின் விளிம்பு மூக்குத்தண்டை அறுத்தது. கவச உடைக்குள் வியர்த்தபடி அளவுக்கு மீறிய நோயாளிகளைப் பார்த்த செவிலியர்களை இதற்காகக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாப் படுக்கைப்புண்ணும் அலட்சியத்தால் வருவதல்ல. ஆனால் திருப்பிப் படுக்கவைக்காமலே, தோலைப் பார்க்காமலே விட்டிருந்தால் அது அலட்சியம்தான்.

உங்கள் வீட்டு நோயாளியைப் பார்க்க உள்ளே விடாவிட்டாலும் மருத்துவமனையில் போனில் கேட்கலாம்: எத்தனை மணிக்கொருமுறை திருப்பிப் படுக்கவைக்கிறீர்கள்? ஏர் பெட் போட்டிருக்கிறதா? முதுகும் குதிகாலும் எப்படி இருக்கின்றன? சேர்த்த அன்றே தோலின் நிலையைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். புண் எப்போது வந்தது என்ற தகராறில் அந்த ஒரு வரிதான் சாட்சி.

அலட்சியம் நடந்ததாகச் சந்தேகம் இருந்தால் சிகிச்சை ஆவணங்களின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தனியாரில் பணம் கட்டிச் சிகிச்சை பெற்றிருந்தால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடலாம். பருத்திப்பட்டுக்காரர்கள் திருவள்ளூர் போக வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைமீது அந்த ஆணையத்தில் வழக்கு நிற்காது. 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. அரசு மருத்துவமனை என்றால் அதன் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், 104 சுகாதார உதவி எண்ணிலும் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு வேலை உங்களுடையது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பின் சிவந்தால் பயமில்லை. அப்படியே சிவப்பாக நின்றால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சூட்டையும் கெட்டித்தன்மையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். அடியில் நொந்த சதை மேலும் கிழியும். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையமும் வேண்டாம். 2 மணி நேரத்துக்கொருமுறை திருப்புங்கள், குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலுக்கடியில் தலையணை வையுங்கள், முட்டை, பருப்பு கொடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டிலேயே பராமரிப்பு உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே பெயரைக் கொடுங்கள்.