ஊசி முனையில் ஓர் உயிர், பக்கத்தில் ஒரு தோழன்

பிள்ளையின் சட்டையில் அறுந்த பொத்தானைத் தைக்கிறீர்கள். தையல் சற்று இளகிப் போனால் என்ன நடக்கும்? பொத்தான் மறுபடியும் கழன்று விழும், அவ்வளவுதான். ஆனால், ஒரு தையல் பிசகினாலும் கணவன் கடலோடு போய்விடுவான் என்ற நிலையில் ஊசி பிடித்த பெண்களும் இவ்வுலகில் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களின் கதையைத்தான் இம்முறை உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

இன்று பல நாடுகளின் கடற்கரைகளில் 'கயாக்' என்னும் ஒடுங்கிய சிறு தோணிகளைக் காணலாம். ஒருவர் மட்டும் அமர்ந்து, இரண்டு முனையிலும் தட்டையான துடுப்பை மாறி மாறி வலித்துச் செல்வார். நண்பர்கள் இருவர் விடுமுறை நாளில் ஆளுக்கொரு கயாக்கில் புறப்பட்டு, தூண்டில் போட்டு, மாலையில் நாலைந்து மீன்களோடு திரும்புவது இப்போது பலருக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. ஆனால், இத்தோணி பொழுதுபோக்குக்காகப் பிறந்ததல்ல. வட துருவத்தை அண்டிய குளிர் நாடுகளில், வயிற்றுப் பிழைப்புக்காகப் பிறந்தது.

தையலால் மிதந்த தோணி

கிறீன்லாந்து என்ற பெரிய தீவை உலகப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் பெரும் பகுதி பனிக்கட்டி. தோணி கட்டப் பெருமரம் அங்கே வளராது. எங்கோ தொலைவிலுள்ள ஆறுகள் அடித்து வந்து, கடல் நீரோட்டம் கரையில் ஒதுக்கும் மரத்துண்டுகளே அம்மக்களுக்குக் கிடைத்தன. முன்பு புத்தகங்களில் 'எஸ்கிமோவர்' என்று எழுதப்பட்ட இவர்கள், தம்மை இனுயிட் என்றே அழைக்கிறார்கள்.

அந்த மரத்துண்டுகளைச் சீவி இணைத்து ஆண்கள் தோணியின் கூட்டைச் செய்வார்கள். அளவுகோல் கிடையாது. ஓட்டுபவரின் உயரம், கை நீளம், இடுப்பகலம் ஆகியவையே அளவு. ஒருவருக்கு ஆடை வெட்டுவது போல ஒருவருக்கென்றே ஒரு தோணி!

அதன் பின்னர் வேலை பெண்களின் கைக்கு வரும். கடல்நாயின் தோலை மயிர் நீக்கிப் பதப்படுத்தி, ஈரமாக இருக்கும்போதே கூட்டின் மீது இழுத்துப் போர்த்தித் தைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் தோல் இறுகிவிடும். ஆகவே பெண்கள் பலர் ஒன்றுகூடி விரைந்து தைப்பார்கள். நூல், விலங்கின் தசைநாரில் திரித்தது. இங்கேதான் அவர்களின் கைத்திறன் தெரிகிறது. ஊசி தோலின் மறுபக்கம் வரை போகாது. பாதிக் கனத்தோடு திரும்பிவிடும். துளை முழுதாக விழாததால் தண்ணீர் நுழைய வழியில்லை. போதாததற்குத் தசைநார் நனைந்ததும் பருத்து, இருக்கின்ற துளையையும் அடைத்துக்கொள்ளும். தையலின் மேல் கொழுப்பும் பூசுவார்கள்.

தோணிக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் ஓர் அங்கி தைப்பார்கள். 'துயிலிக்' எனப்படும் இந்தத் தோல் அங்கி முகத்தையும் மணிக்கட்டையும் சுற்றி இறுகும். அதன் கீழ் விளிம்பு தோணியின் வாயைச் சுற்றிக் கட்டப்படும். தோணி கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் புகாது. தலைகீழாகத் தொங்குபவர் துடுப்பை வீசி ஒரு சுழற்சியில் நிமிர்ந்துவிடுவார். உறையும் தண்ணீரில் நீந்திப் பிழைக்க முடியாது. எனவே அவரைக் காப்பாற்றியது ஒன்று அவரது பயிற்சி. மற்றது வீட்டிலிருந்த பெண்ணின் ஊசி.

அமைதியான கடலில் வரும் பயம்

அக்கடலில் சேர்ந்து போவதற்குப் பல காரணங்கள் இருந்தன. கவிழ்ந்தவரால் நிமிர முடியாவிட்டால், தோழர் தம் தோணியைக் கிட்டக் கொண்டுவருவார். அதைப் பற்றிக்கொண்டு எழும்பலாம். அலை பெரிதானால் இரண்டு தோணிகளையும் அருகருகே சேர்த்து, துடுப்புக்களைக் குறுக்கே வைத்துப் பிடிப்பார்கள். ஒன்றாய் இருந்தால் புரளும் தோணி, இரண்டாய்ச் சேர்ந்தால் தெப்பமாகிவிடும்.

புயலில் தோழன் வேண்டும் என்பது நமக்கும் விளங்கும். ஆனால் அலையே இல்லாத நாளிலும் தோழன் வேண்டும் என்றால் நம்புவீர்களா?

மேற்குக் கிறீன்லாந்து மீனவரிடையே விசித்திரமான ஒரு நோய் காணப்பட்டது. கடல் கண்ணாடி போலக் கிடக்கும். வெயில் கண்ணைக் கூசும். தனியே ஒருவர் தூண்டிலோடு அசையாமல் காத்திருப்பார். திடீரெனத் தலை சுற்றும். தோணி சாய்கிறது, தண்ணீர் நிறைகிறது என்று தோன்றும்; உண்மையில் ஒரு சொட்டும் வந்திருக்காது. துடுப்பை அசைக்கவும் கை வராது. வானமும் கடலும் ஒன்றாய்த் தெரிவதால் எது மேல், எது கீழ் என்று மூளை தடுமாறுவதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. பலர் இதற்குப் பின் கடலுக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். இதற்கு மருந்து என்ன தெரியுமா? இன்னொரு தோணி பக்கத்தில் வருவதுதான்! தோழரின் குரல் கேட்டதும் பயம் விலகத் தொடங்கும். வீரமான வேட்டைக்காரருக்கும் பக்கத்தில் ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

தோலிலிருந்து பிளாஸ்டிக்கிற்கு

1920களில் அங்கே கடல் சற்று வெப்பமடைந்தது. கடல்நாய்கள் அருகி, 'கொட்' மீன் பெருகியது. ஆம், நமது பிள்ளைகளுக்கு நாம் மூக்கைப் பிடித்துப் பருக்கும் எண்ணெயைத் தரும் அதே கொட் மீன்தான். மீன்பிடி முதன்மைத் தொழிலாகி, இயந்திரப் படகுகள் வந்தன. தோல் தோணி மெல்ல ஒதுங்கியது.

இன்று மீன்பிடிக்கப் பெரும்பாலும் பயன்படுவது கெட்டியான பிளாஸ்டிக் கயாக். உள்ளே நுழைந்து உட்காராமல் மேலே அமர்வார்கள். ஏறும் தண்ணீர் அதிலுள்ள துளைகளால் தானே வடிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மறுபடி ஏறலாம். ஆனால் அலைக்கு நடுவே, களைத்த கைகளோடு தனியே ஏறுவது எளிதல்ல. மறுபக்கத்தைத் தோழர் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பொருள் மாறிவிட்டது, சட்டம் மாறவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

சகோதரிகளே, இனி நாம் எவரும் தோணி தைக்கப் போவதில்லை. ஆனால் கரையோர ஊர்களில் உள்ள உங்களில் பலருடைய கணவரோ, மகனோ, தம்பியோ சிறு தோணியில் கடலுக்குப் போகக்கூடும். வாசலில் நின்று சில கேள்விகளைக் கேட்பது உங்கள் உரிமை.

யாரோடு போகிறீர்கள்? எந்தப் பக்கம் போகிறீர்கள்? எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? உயிர்காப்பு அங்கி எங்கே? அதைத் தோணியில் மடித்து வைத்தால் பயனில்லை. விழுகின்ற நேரத்தில் உடுத்த அவகாசம் கிடைக்காது. உடம்பில் இருக்க வேண்டும். கைத்தொலைபேசி தண்ணீர் புகாத பையில் இருக்கிறதா? கழுத்தில் ஒரு விசில் இருக்கிறதா?

காற்றையும் கேளுங்கள். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று மிகவும் ஏமாற்றக்கூடியது. கரையோரத்தில் அலையே தெரியாது. 'கடல் நல்லாத்தானே இருக்கு' என்று இறங்குவார்கள். சற்றுத் தூரம் போன பின்பே, திரும்பி வலிக்க முடியாமல் காற்று தள்ளுவது தெரியவரும். சொன்ன நேரம் தாண்டியும் ஆளைக் காணவில்லையென்றால், 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று வெட்கப்பட்டு இருந்துவிடாமல், பொலிசாருக்கோ கடற்படையினருக்கோ உடனே அறிவியுங்கள்.

'ஏன் இவ்வளவு கேள்வி?' என்று அவர் சினக்கலாம். பரவாயில்லை. அன்று கிறீன்லாந்தில் விளக்கொளியில் குனிந்திருந்த அந்தப் பெண், ஒவ்வொரு தையலையும் இழுத்து இழுத்துச் சரிபார்த்தாள். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அப்படி ஒரு தையல்தான். கேளுங்கள், பதில் கிடைத்த பின் வழியனுப்புங்கள்.