கார் ஹிட்ச் மிதிவண்டிகளை எப்படித் தாங்குகிறது?

வட அமெரிக்காவில் குடும்பக் கார்களின் பின்புறம் பொருத்தப்படும் ‘ஹிட்ச்’ என்னும் எஃகுச் சட்டம், டிரெய்லரை இழுப்பதோடு மிதிவண்டித் தாங்கியைச் சுமக்கவும் பயன்படுகிறது. பம்பரின் பிளாஸ்டிக் உறை எடை தாங்காது. அதனால் ஹிட்ச்சைக் காரின் உலோகச் சட்டகத்தோடு போல்ட்டுகளால் இறுக்குகிறார்கள். அதன் நடுவிலுள்ள சதுரக் குழாய்க்குள் தாங்கியின் தண்டு நுழைகிறது. குழாயின் உள்ளளவு சிறிய கார்களில் பெரும்பாலும் 1¼ அங்குலம். பெரிய வண்டிகளில் 2 அங்குலம்.

டிரெய்லருக்குச் சொந்தச் சக்கரங்கள் உண்டு. எடையின் சிறு பகுதியே ஹிட்ச்சின் மேல் இறங்கும். மிதிவண்டித் தாங்கியோ அந்தரத்தில் நீண்டு நிற்கிறது; முழு எடையும் ஹிட்ச்சுக்கே. நெம்புகோல் விதிப்படி, எடை பின்னால் தள்ளிப் போகப் போகத் திருப்புத்திறன் கூடும். 4 மிதிவண்டிகளும் தாங்கியும் சேர்ந்து 80 கிலோ, ஈர்ப்பு மையம் குழாயிலிருந்து அரை மீட்டர் என்றால், திருப்புத்திறன் சுமார் 390 நியூட்டன் மீட்டர். மேடுபள்ளத்தில் கார் குலுங்கும்போது இது இன்னும் பெருகும்.

பின் அச்சுக்கு அப்பால் எடை தொங்குவதால் முன்சக்கரங்களின் அழுத்தமும் சற்றுக் குறையும். ஆகவே ஹிட்ச், தாங்கி, கார் ஆகிய மூன்றின் எடை வரம்புகளில் மிகக் குறைந்ததையே எல்லையாகக் கொள்ள வேண்டும். போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் குறிப்பிட்ட அளவுக்கு முடுக்குவதும், நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறையாமல் பார்ப்பதும் அவசியம்.