பழைய இழைப்புளியின் மதிப்பை அறிவது எப்படி?

தச்சுத் தொழில் செய்த பெரியவர் மறைந்தபின் அவருடைய கருவிப் பெட்டியை எடைக்குப் போட்டுவிடுவது பல வீடுகளில் வழக்கமாக உள்ளது. பழைய இரும்புக் கடையில் கிடைப்பதோ இரும்பின் விலை மட்டுமே. பெட்டியிலுள்ள இழைப்புளி எவரால், எக்காலத்தில் செய்யப்பட்டது என்பதை அறிந்தபின் முடிவெடுப்பதே நன்று. அதற்குரிய அடிப்படைகளை இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

முதலில் பெயரைத் தேட வேண்டும். மரத்தாலான பழைய ஆங்கிலேய இழைப்புளிகளில் செய்தவரின் முத்திரை பெரும்பாலும் முன்முகத்தில் பதிந்திருக்கும். வேறு பெயர்களும் காணப்பட்டால், அவை அதனை வைத்திருந்த தச்சர்களுடையவையாக இருக்கலாம். வெட்டும் தகட்டிலுள்ள பெயரை மட்டும் கொண்டு முடிவுசெய்தல் கூடாது. தேய்ந்த தகட்டை மாற்றுவது தொழில் வழக்கம்.

இரும்பாலானவற்றுள் பெயர்பெற்றவை அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனத் தயாரிப்புகள். லியோனார்டு பெய்லியின் காப்புரிமைகளை 1869-இல் பெற்ற அந்நிறுவனம், அளவுக்கேற்ப எண்ணிட்டு அவற்றை விற்றது. 4-ஆம் எண் ஏறத்தாழ 9 அங்குல நீளம். 5-ஆம் எண் 14 அங்குலம். 7-ஆம் எண் 22 அங்குலம். சில காலத்துக் கருவிகளில், வெட்டும் தகட்டைத் தாங்கும் பகுதிக்குப் பின்னால் காப்புரிமை நாள்கள் வார்க்கப்பட்டுள்ளன. அவை செய்யப்பட்ட நாள்கள் அல்ல. கருவி அந்நாள்களுக்கு முற்பட்டதன்று என்பதற்கே சான்று. 1902-ஆம் ஆண்டின் இரு நாள்களும் 1910-ஆம் ஆண்டின் ஒரு நாளும் சேர்ந்திருப்பின், அக்கருவி 1910-க்கும் 1918-க்கும் இடைப்பட்டதெனச் சேகரிப்போர் கொள்வர்.

பழமை மட்டுமே விலையைத் தருவதில்லை. 4, 5 எண்கள் பெருமளவில் உற்பத்தியானமையால் நூறாண்டு கடந்தும் எளிய விலைக்கே விற்கின்றன. ஐந்தரை அங்குலமேயுள்ள 1-ஆம் எண் அரிது. ஆதலால் அதன் நகல்களும் உலவுகின்றன. அடிப்பாகத்தில் விரிசல், பற்றவைத்த தடம், பிளந்த கைப்பிடி, பொருந்தாத திருகு ஆகியன மதிப்பைக் குறைக்கும். துருவைக் கண்டதும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டா. எழுத்துகளும் பழமைத் தோற்றமும் அழிந்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசினால் போதும்.

இணையத்தில் விற்பவர் கேட்கும் தொகையை மதிப்பாகக் கொள்ளலாகாது. அதே எண், அதே காலம், அதே நிலையிலுள்ள கருவிகள் உண்மையில் விற்றுமுடிந்த விலைகளை ஒப்பிடுக. அயல்நாட்டார் வாங்க முன்வந்தால் மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்ட வரம்புக்குள் வரக்கூடும். தனியார் தொல்பொருளை ஏற்றுமதி செய்ய அச்சட்டம் இடந்தராது. ஐயமிருப்பின், அனுப்புமுன் இந்தியத் தொல்லியல் துறையை அணுகுக.

பணம் பெறுவதற்கு யுபிஐ இரகசிய எண்ணை உள்ளிடத் தேவையில்லை. வாங்குவதாகக் கூறுபவர் அதனை உள்ளிடச் சொன்னால், பேச்சை அத்துடன் முடித்துக்கொள்க.