கையொப்பம் இடுமுன்

இளங்கலைப் பட்டம் பெற்றபின் ஓராண்டு வேலை பார்த்துவிட்டுத்தான் முதுகலை வேதியியல் படிக்க நான் காசிக்கு வந்தேன். அதனால் வேலை தேடும் நம் சங்க நண்பர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. அறிவுரை கூறும் வயது எனக்கில்லை; இருபத்து மூன்று நடக்கிறது. ஆயினும் நான் செய்த தவறு ஒன்றைச் சொன்னால் பிறருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

குஜராத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. அங்கிருந்த தராசு ஒன்று என் பொறுப்பு. நாள்தோறும் காலையில் நிலையான எடைக்கற்களை வைத்து அதைச் சரிபார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் இட வேண்டும்.

2024 சனவரிக் கடைசியில் ஒரு மாலை மேலாளர் வந்தார். "நாளை தணிக்கை. நான்கு இடம் காலியாக இருக்கிறது. லிக் தோ" என்றார். தேதிகள் முன்பே அச்சிடப்பட்டிருந்தன. நான் நின்று பார்க்காமல் நான்கையும் நிரப்பினேன்.

மறுநாள் தணிக்கையாளர் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான்கில் ஒரு நாள் பொங்கல். அன்று நான் மதுரையில் வீட்டில் இருந்தேன்! மேலாளர் வாய் திறக்கவில்லை. அவர் சொன்னது வாய்ச்சொல். நான் இட்டது கையொப்பம். எச்சரிக்கைக் கடிதம் என் பெயருக்கே வந்தது.

ஒரு தராசுக்கா இத்தனை ஆரவாரம் என்று அன்று எண்ணினேன். பின்னர்தான் படித்தேன்: 1986-இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில், டைஎதிலீன் கிளைகால் என்னும் நஞ்சு கலந்த கிளிசரின் கொடுக்கப்பட்டு 14 நோயாளிகள் இறந்தனர். அதை நீதிபதி லென்டின் ஆணையம் விசாரித்தது. மருந்துண்பவர் சோதித்துப் பார்த்து உண்பதில்லை. சோதித்தோம் என்று நாம் எழுதியதை நம்பியே உண்கிறார்.

ஆகவே வேலைக்குச் செல்லும் நண்பர்களுக்குச் சில சொல்வேன்.

செய்யும்போதே எழுதுக. எண் தவறினால் அழித்து எழுதாமல், பழைய எண் தெரியும்படி ஒரே கோடு இட்டு அடித்து, அருகில் சரியான எண்ணையும் காரணத்தையும் எழுதி, அன்றைய தேதியுடன் சுருக்கொப்பம் இடுக. செய்த வேலையை எழுத மறந்திருந்தால், தாமதப் பதிவு என்று குறித்து, எழுதுகிற நாளின் தேதியையே போடுக. செய்யாத வேலைக்கு அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். காலியிடத்துக்கு விளக்கம் சொல்லலாம். பொய்க்கு விளக்கம் சொல்ல முடியாது.

மேலாளரை எதிர்த்துப் பேசுவது எளிதன்று. தெரியாத மொழியில் இன்னும் கடினம். சோறு கேட்கும் அளவுக்கு இந்தி கற்றிருந்தேன். மறுக்கும் அளவுக்குக் கற்கவில்லை. வட நாட்டில் வேலைக்குப் போகிறவர்கள் "ஆஜ் கீ தாரீக் டால்கர் லிகூங்கா" என்ற ஒரு தொடரையாவது கற்றுச் செல்க. இன்றைய தேதியிட்டு எழுதுகிறேன் என்பது பொருள். அதில் பணிவும் உண்டு, மறுப்பும் உண்டு. அப்படியும் வற்புறுத்தினால், எழுத்தில் தருமாறு கேளுங்கள், பெரும்பாலும் தரமாட்டார்கள். மேலாளரின் முகம் சில நாள் கடுகடுக்கும். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

நேர்காணலில் அவர்கள் மட்டும் கேள்வி கேட்க வேண்டும் என்பதில்லை. எத்தனை நாள் பயிற்சி, நான் எழுதுவதைச் சரிபார்ப்பவர் யார், நான் விடுப்பில் சென்றால் என் வேலையைச் செய்பவர் யார் என்று நாமும் கேட்கலாம். இந்த மூன்றாவது கேள்வியை நான் கேட்டிருந்தால் அந்த நான்கு இடமும் காலியாக இருந்திருக்காது.

சென்ற மாதம் ஓர் ஆய்வுத் திட்ட நேர்காணலில், முதல் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் பெற்றதையும் சேர்த்து நடந்தபடியே சொன்னேன். முடிவு இன்னும் வரவில்லை. அந்தக் கடிதத்தை நான் கிழித்தெறியவில்லை. சான்றிதழ்களோடு அதே உறையில் வைத்திருக்கிறேன்.