புகை அடித்தும் சாகாத கொசு: எங்கே, என்ன கேட்பது?

ஒரு பூச்சிமருந்தைத் தாங்கிப் பிழைக்கும் திறன் கொசுவின் மரபணுவில் பதிந்து அடுத்த தலைமுறைக்கும் இறங்குவதே மருந்து எதிர்ப்புத்திறன். அதே மருந்தை மறுபடி மறுபடி அடித்தால் தாங்கக்கூடியவை மட்டும் மிஞ்சிப் பெருகும். வள்ளூரிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய குடியிருப்புகளிலோ கொசு குறையாவிட்டால் "இன்னும் அடியுங்கள்" என்று ஊர் கேட்பதும், சோதிக்காமலே நிர்வாகம் அடிப்பதும் இந்தப் பெருக்கத்துக்கே உதவும்.

புகைமருந்தான சைஃபெனோத்ரினும் வீட்டுத் திரவ விரட்டிகளிலுள்ள டிரான்ஸ்ஃப்ளூத்ரினும் பைரித்ராய்டு வகை. இவை கொசுவின் நரம்பிலுள்ள சோடியம் வாயிலைப் பிடித்து முடக்குகின்றன. அந்த வாயிலுக்கான மரபணுவில் ஓரிடம் மாறினாலே பிடி தளர்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவில் எஃப்1534சி எனும் மாற்றத்தை டெல்லியிலும், தமிழ்நாட்டில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் ஆய்வாளர்கள் 2015இல் பதிவுசெய்தனர். கண்டறிய ஒரு கொசுவின் கால் போதும். அதன் டிஎன்ஏவை பிசிஆர் முறையில் பெருக்கிப் பார்ப்பார்கள். மாற்றத்தின் ஒரே பிரதியைச் சுமக்கும் கொசு பெரும்பாலும் மருந்துக்குச் செத்துவிடும்; ஆனால் பிசிஆரில் அந்த மாற்றம் தெரிந்துவிடுவதால், களத்தில் மருந்து தோற்கும் முன்பே எச்சரிக்கை கிடைக்கிறது. ஆனால் மருந்தைச் செரித்து முறிக்கும் நொதிகள் இச்சோதனையில் தெரியாது. எனவே உலக சுகாதார நிறுவன முறைப்படி கொசுவை 1 மணி நேரம் மருந்துத் தாளில் விட்டு, 24 மணி நேரம் கழித்துச் செத்தவற்றை எண்ண வேண்டும். 98 சதவீதமோ அதற்கு மேலோ செத்தால் மருந்து பலிக்கிறது; 90க்குக் கீழ் என்றால் எதிர்ப்புத்திறன் உறுதி.

இச்சோதனையைக் கேட்க வேண்டிய முதல் இடம் ஊராட்சி அல்ல. வள்ளூர்வாசிகள் மீஞ்சூர் வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுதி, முன்பு சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர் எனப்பட்ட மாவட்ட சுகாதார அலுவலருக்கு நகல் அனுப்ப வேண்டும். புகை அடித்த தேதி, தெரு, மருந்தின் பெயர், காய்ச்சல் கண்ட வீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி, பூச்சியியல் குழு கொசுப்புழுக்களைச் சேகரித்து எதிர்ப்புத்திறன் சோதனை செய்யவும், தேவைப்பட்டால் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்துக்கு மாதிரி அனுப்பவும் கோர வேண்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரக் கூடாது. பதிலில்லையெனில் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைப் பதிவுசெய்யலாம்.

அதற்கும் பதிலில்லையெனில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது; அதன் மனுவுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். "எந்த மருந்து, என்ன அளவு, கடைசி எதிர்ப்புத்திறன் சோதனை எப்போது, முடிவு என்ன?" இந்த நான்கை மட்டும் கேட்டால் நழுவ இடமிருக்காது. பதிலுக்குக் கெடு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தொழிற்சாலை வளாகத்தில் டயரும் தார்ப்பாயும் நீர் கோத்துக் கிடந்தால், சுகாதார அலுவலர் நோட்டீஸ் அனுப்ப 1939ஆம் ஆண்டு தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் அதிகாரம் தருகிறது. அதிகாரம் இருந்தும் தூங்குவது மன்னிக்கத்தக்கதல்ல.

வீட்டில் விரட்டியின் அளவைக் கூட்டாதீர்கள். வயலுக்கான மருந்தை அறையில் அடிக்காதீர்கள். பூச்சிக்கொல்லிச் சட்டப் பதிவு எண் அச்சிடாத கொசுவிரட்டி ஊதுவத்தியை வாங்காதீர்கள். மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: அளவைக் கூட்டாதீர்கள். வாரம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்து, சுவரை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் ஏடிஸ் முட்டைகள் அந்தச் சுவரில்தான் ஒட்டியிருக்கின்றன.